பதினோரு நிமிடம் ஓடிய ஜெனரேட்டர்

அந்த வியாழக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கடையில் ஒரு போர்வெல் மோட்டாரின் காயிலுக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டு கையிலும் வார்னிஷ் என்பதால் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அடித்தபோது துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"பாய், ராஜபாளையத்துல குருசாமி அண்ணன் பக்கத்து வீட்டு சரோஜா பேசுதேன். அவிய போயிட்டாவ பாய்."

எங்கே போயிருக்கிறார் என்று கேட்டேன். எங்கேயோ வெளியூருக்குக் கிளம்பிவிட்டார் என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்.

"இன்னைக்கு எங்க தெருவுக்குத் தண்ணி நாளு. அவிய தொட்டி நெறஞ்சு தெருவுல வழிஞ்சு ஓடுது. ஒரு சொட்டு வீணாக்காத மனுசராச்சேன்னு உள்ள போயிப் பாத்தேன். கொழாயத் தொறந்து விட்டுட்டு நாக்காலில சாஞ்சாப்ல இருந்தாவ. கையி சில்லுனு இருந்துச்சு பாய்."

எனக்கு ஏன் முதலில் சொன்னார் என்று பிறகுதான் தெரிந்தது. குருசாமி அண்ணாச்சியின் போனில் கடைசியாக இருந்தது என் எண். முந்தின நாள் சாயங்காலம் பேசினார். வத்திராயிருப்பிலிருந்து ஒரு விவசாயி மோட்டாரோடு வந்து நின்றுகொண்டிருந்தார். "செத்த நேரத்துல கூப்பிடுதேன் அண்ணாச்சி" என்று சொல்லி வைத்தேன். கூப்பிடவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு ஹவில்தார் குருசாமியைத் தெரியும். மம்சாபுரம், கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கம் முன்னாள் ராணுவத்தார் வீடுகளில் பென்ஷன் தாள்களைப் பார்த்தால் அவருடைய பெரிய எழுத்துக் கையெழுத்து எங்காவது இருக்கும். கணவரை இழந்த பெண்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, கூடவே பஸ்ஸில் போய் வரிசையில் நின்று, முடித்துக் கொடுத்துவிட்டு வருவார். அந்தக் குருசாமியைப் பற்றி என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்தவர் ஒரு பழைய ராணுவ ஜெனரேட்டரை வைத்திருந்த குருசாமி. அவரைப் பற்றித்தான் எழுத முடியும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு லோடு ஆட்டோ என் கடை முன்னால் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். சட்டையை பேண்டுக்குள் விட்டு, பெல்ட் போட்டிருந்தார். பின்னால் ஒரு கரும்பச்சை ஆல்டர்னேட்டர் கிடந்தது. ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்குகிற பாதி அது. அதைச் சுற்றுகிற எஞ்சின் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். ராஜபாளையத்தில் மூன்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தக் காலத்து ராணுவச் சாமான். எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பழைய காயிலை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிப் பார்த்துத்தான் புதிதாகக் கட்ட வேண்டும். யாருக்கு அவ்வளவு பொறுமை? நானும் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"நீங்க பிரிங்க பாய். நான் பக்கத்துல ஒக்காந்து எழுதிக்கிடுதேன்" என்றார்.

மூன்று நாள் வந்தார். காலி வார்னிஷ் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து நான் பிரிக்கப் பிரிக்கக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் வந்து பேச்சுக் கொடுத்தால் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகும். "முப்பத்தேழு பாய்" என்பார் தலை நிமிராமல். ஊர்க்கதையும் பேசிக்கொண்டே எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். "எண்ணிக்கிட்டு இருக்கையில பேசலாம். பேசிக்கிட்டு இருக்கையிலதான் எண்ணக் கூடாது" என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றுவரை எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் நான் கட்டிய காயில்களிலேயே அதுதான் சுத்தமானது. சோதித்துப் பார்த்தபோது மூன்று பேஸிலும் அளவு ஒன்றுபோல் நின்றது.

அதை மாட்டுவதற்கு ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மில்லுக்குப் பின்னால் உள்ள தெரு. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது; பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் மட்டும் வெளியே இருந்தன. பின்பக்கத் தகரக் கொட்டகையில் எஞ்சின் நின்றது. நான்கு சிலிண்டர், பெட்ரோலில் ஓடுவது. அதன் இரும்பு உடலான பிளாக்கில், தண்ணீர் ஓடுகிற பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். எஞ்சினும் ஆல்டர்னேட்டருமாக ஊரில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கினாராம். விரிசல் இருப்பது தெரியாமல் வாங்கிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த விரிசலை அடைக்க அவர் செய்யாதது இல்லை. பசை வைத்தார். சூடேற்றி வெல்டிங் வைத்தார். பக்கத்தில் புதிதாக ஒரு கீற்று ஓடியது. பிறகு விரிசல் நெடுக நெருக்கி நெருக்கித் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் சின்ன திருகாணியை இறக்கி, ஒன்றை ஒன்று கவ்வும்படி தைத்தார். துணி தைப்பதுபோலத்தான். அதற்கு அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச்சொல்லி ஓட்டிக் காட்டினார். கொட்டகையில் கட்டியிருந்த பல்பு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. இருவரும் கைகட்டி நின்று பார்த்தோம். பதினோராவது நிமிடம் ஒரு திருகாணியின் ஓரத்தில் வியர்வை மாதிரி தண்ணீர் துளிர்த்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். கோபமோ வருத்தமோ முகத்தில் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, "டீ குடிப்பமா பாய்?" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை தைத்தார். பதினோரு நிமிடத்தை அது தாண்டவேயில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால்தான் தாமஸ் வந்தார். வந்தார் என்றால் போனில். புனலூர் தாண்டி மலையோரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறவர். ராணுவத்தில் அவரும் இதே மாதிரி ஜெனரேட்டரை ஓட்டியவர். அவரிடமும் ஒன்று இருந்தது. முன்னாள் ராணுவத்தாரின் வாட்ஸாப் குழுவில் யாரோ போட்ட படத்தைப் பார்த்துவிட்டு அண்ணாச்சியைத் தேடிப் பிடித்தார். தாமஸின் எஞ்சின் கைபடாத நிலையில் இருந்தது. ஆனால் ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்து ஆல்டர்னேட்டர் பாழாகிவிட்டது. அவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. உள்ளே இருக்கிற தகடுகளே துருவேறி உதிர்ந்திருந்தன. அதில் காயில் கட்ட வழியில்லை.

ஆக, இங்கே நல்ல ஆல்டர்னேட்டரும் உடைந்த எஞ்சினும். அங்கே நல்ல எஞ்சினும் உதிர்ந்த ஆல்டர்னேட்டரும். ஒன்றைக் கழற்றிக் கொடுத்தால் மற்றது முழுசாகிவிடும். தாமஸ் நியாயமான மனிதர். "உங்களுடையதைக் கொடுங்கள், இல்லையென்றால் என் எஞ்சினை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் ஒன்றாவது ஓடட்டும்" என்று சொல்லியிருந்தார்.

"யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்" என்றார் அண்ணாச்சி.

அந்த யோசனை இரண்டு வருடம் நடந்தது.

தினமும் சாயங்காலம் நான்கு மணிக்குத் தாமஸ் கூப்பிடுவார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அண்ணாச்சி அந்த நேரத்தில் என் கடையில் இருப்பார். மணி மூன்றே முக்காலுக்கே போனை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இருவரும் ராணுவத்து இந்தியில் ஆரம்பித்து, பாதியில் ஒருவர் தமிழுக்கும் ஒருவர் மலையாளத்துக்கும் போய்விடுவார்கள். முதலில் ஜெனரேட்டர் பேச்சு. பிறகு மேற்கே பெய்கிற மழை, இங்கே பெய்யாத மழை, முழங்கால் வலி, தாமஸின் மகள் வைத்த மீன் குழம்பு. முடிக்கிறபோது மட்டும், "அந்த விஷயம் என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்பார். "நாளைக்குப் பேசுவோம்" என்று மற்றவர் சொல்வார். அண்ணாச்சி போனைப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸுக்குக் கிளம்புவார்.

நான் இதை அப்போது புரிந்துகொள்ளவில்லை. எனக்கு அது முடிவெடுக்கத் தெரியாத இரண்டு வயசாளிகளின் தாமதமாகத்தான் தெரிந்தது. நான் கட்டிய நல்ல காயில் ஒரு கொட்டகையில் சும்மா கிடக்கிறதே என்ற ஆதங்கமும் இருந்திருக்கும். ஒருநாள் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

"குடுக்குறதுன்னா குடுங்க அண்ணாச்சி. இல்லன்னா அவர் எஞ்சினை வாங்கி மாட்டுங்க. அந்த மனுசரையும் எம்புட்டு நாளைக்கு இழுத்தடிப்பீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "அவர் எஞ்சினை வாங்குனா இந்த பிளாக்கைத் தூக்கிப் போடணும்லா பாய்" என்றார்.

"போட வேண்டியதுதான. அது ஒடைஞ்ச பிளாக்கு."

"ஒடைஞ்சதுனாலதான் வாங்குனேன்."

அன்றுதான் சொன்னார். வடக்கே பனிமலையில் ஒரு காவல் போஸ்ட். அவருக்கு இருபத்திநாலு வயது. அங்கே ஜெனரேட்டரை நிறுத்தியதும் எஞ்சினில் இருக்கிற தண்ணீரை வடித்துவிட வேண்டும். விட்டால் உறைந்து, விரிந்து, இரும்பைப் பிளந்துவிடும். அன்றைக்கு ஒன்றரை மாதத்துக்கப்புறம் கடிதம் வந்திருந்தது. அவர் மனைவி எழுதியது. உட்கார்ந்து நாலு தடவை படித்தார். தண்ணீரை வடிக்க மறந்துபோனார். காலையில் போய்ப் பார்த்தால் பிளாக்கில் ஒரு சாண் விரிசல். வேறு ஜெனரேட்டர் வந்து சேர ஆறு நாள். அதுவரை வெளிச்சமும் இல்லை, வயர்லெஸுக்குச் சார்ஜும் இல்லை. அந்த ஆறு நாளும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருந்தால் என்ற நினைப்பு அவரை விடவில்லை.

"தண்டனை குடுத்தாங்களா?" என்றேன்.

"இல்ல. ஆபீசர் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அப்படி என்னதான் லெட்டர்ல எழுதியிருந்துச்சுன்னு. ஒண்ணுமில்ல சார், ஊர்ல மழை பெஞ்சிருக்குன்னு எழுதியிருக்காள்னேன். போன்னுட்டாரு."

அவரே தொடர்ந்தார். "இது அந்த மிஷின் இல்ல பாய். நம்பர் பாத்துட்டேன், வேற. ஆனா அதே எடத்துல அதே மாதிரி வெடிச்சிருக்கு. வேற எவனோ ஒருத்தன் எங்கயோ ஒக்காந்து லெட்டர் படிச்சிருக்கான்."

மறுநாள் நான்கு மணிக்குத் தாமஸிடம் ஆல்டர்னேட்டரை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். ஓடுகிற ஜெனரேட்டர் வேண்டாம், உடைந்த எஞ்சின் போதும் என்று முடிவெடுத்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

தாமஸின் மருமகன் செங்கோட்டை வழியாக ஒரு வண்டி கொண்டுவந்தார். கழற்றுவதற்கு நானும் போயிருந்தேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டு வைத்திருந்தார் அண்ணாச்சி. ஸ்விட்ச் போர்டு, வயர்கள், மீட்டர்கள் எல்லாவற்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றியிருந்தார். கடைசியாக ஆல்டர்னேட்டரைத் தன் ராணுவக் கம்பளியில் பொதிந்து கயிறு கட்டினார். பெரிய எழுத்தில் எழுதிய நான்கு பக்கக் குறிப்பை மருமகன் கையில் கொடுத்து, "மாமாட்ட சொல்லுங்க, அவசரப்பட்டு ஓட்டக் கூடாது. முதல்ல கையால சுத்திப் பாக்கணும்" என்றார். வண்டி தெருமுனை திரும்புகிறவரை நின்றார். பிறகு உள்ளே வந்து, எஞ்சின் மட்டும் பாதிச் சட்டத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, "எடம் நெறைய ஆயிருச்சு" என்றார்.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி என் கடையில் இருந்தபோது தாமஸின் அழைப்பு வந்தது. அவர் எஞ்சினை ஓடவிட்டு போனைப் பக்கத்தில் பிடித்தார். சத்தம் கடை முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "தாமஸ், கவர்னர்ல வேகம் கொஞ்சம் ஏறுது. ஸ்பிரிங்கை அரைச் சுத்துத் தளர்த்துங்க" என்றார். அங்கே யாரோ எதையோ திருகினார்கள். சத்தம் இறங்கி ஒரே சீராக நின்றது. "அம்புட்டுதான்" என்றார் அண்ணாச்சி. பதினோரு நிமிடம் ஆனது, இருபது ஆனது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தாமஸ்தான் எஞ்சினை நிறுத்தினார்.

அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறை தாமஸ் பேசினார். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பிறகு அதுவும் இல்லை. அண்ணாச்சி வழக்கம்போல வந்தார். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலரைக்குக் கிளம்புவார். பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"நீங்க கூப்பிடுங்களேன் அண்ணாச்சி" என்றேன் ஒருநாள்.

"வேலை முடிஞ்சு போச்சுல்லா பாய். இப்ப என்னன்னு கூப்பிடுறது?"

அவரை முடிவெடுக்கச் சொல்லி விரட்டியது நான்தான். தெரியாமல் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வருடம் கண் முன்னால் நடந்த ஒன்றைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அந்த இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. அதைப் போல்ட் போல்ட்டாகக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட நானும் ஒரு கை கொடுத்தேன்.

இதை ஈடுகட்ட நினைத்துத்தான், புனலூருக்குப் போய் தாமஸைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். ராஜபாளையத்தில் ரயில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். அவர் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "பக்ரீத் கழியட்டும்" என்றேன். பக்ரீத் கழிந்தது. பிறகு மழை பொய்த்து, கிணற்று மோட்டார்கள் வரிசையாகப் புகைந்து கடைக்கு வந்துகொண்டேயிருந்தன. "அடுத்த மாசம் போவோம் அண்ணாச்சி." அவர் ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை. நச்சரிக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று.

அந்த வியாழக்கிழமை பஸ் பிடித்து நான் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தபோது அவருடைய அண்ணன் மகன் வந்திருந்தார். முன்னாள் ராணுவத்தார் பத்துப் பேர் வரிசையாக நின்று வணக்கம் வைத்தார்கள். சுடுகாட்டில் ஓரமாக நின்றேன். திரும்பி வருகிற வழியில் தாமஸுக்கு நான்தான் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "நிங்கள் பாய் அல்லே?" என்றார். "அவர் உங்களைப் பற்றித்தான் எப்போதும் பேசும்."

இரண்டு வாரம் கழித்து நான் தனியாகப் புனலூருக்கு ரயில் ஏறினேன். தாமஸ் வீடு நிறைய ஆட்கள். மகள், மருமகன், பேரன் பேத்திகள். அவர் தடியை ஊன்றிக்கொண்டு என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போய் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். பட்டப்பகல். பல்பு எரிகிறதா இல்லையா என்று பக்கத்தில் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. எரிந்தது. நான் கட்டிய காயில், அண்ணாச்சி எண்ணிய சுற்றுகள்.

நிறுத்திவிட்டுத் தாமஸ் சொன்னார். "நான் போன்ல விளிச்சா அவருக்கு மிஷின் ஞாபகம் வரும், சங்கடப்படும்னு நினைச்சு விளிக்காம இருந்தேன். அவர் விளிக்கலை. அப்போ சங்கடம்தான்னு உறுதியாச்சு."

அண்ணாச்சி நான்கு மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அந்தப் பாரத்தைத் தாமஸ் தலையிலும் ஏற்றி வைத்து என்ன ஆகப்போகிறது? இதைத் தாமஸ் படிக்க மாட்டார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

விரிசல் விழுந்த எஞ்சினை அண்ணன் மகன் என்னிடமே ஒப்படைத்துவிட்டார். கடையின் பின்பக்கம் வைத்திருக்கிறேன். அதைத் தைத்துப் பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் குருசாமி அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது எது என்று யாராவது கேட்டால் நான் அந்த இரும்பைக் காட்ட மாட்டேன். என்னிடம் இருப்பது புனலூரில் ஒரு மனிதர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடைக்கு வந்ததும் அவரைக் கூப்பிடுகிறேன். அவர் சொல்வதில் பாதி எனக்கு விளங்காது. நான் சொல்வதில் பாதி அவருக்கு. அண்ணாச்சியைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதும் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை அவர் பதறிப்போய், "எந்தா பாய், என்ன வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் அப்படிக் கேட்டதில்லை.